சதாவதானம் செய்குத்தம்பிப் பாவலர்

உலகத்து மக்களுட் பெரும்பாலார் ஒரு பொழுதில் ஒரு பொருளையே கருத வல்லராவர். கணக்கெழுதும் ஒருவரை இடையே அழைத்துப் பேச்சுக்கொடுப்பின், கணக்காதல் பேச்சாதல் இரண்டில் ஒன்று பிழைபடுதல் கண்கூடு. அங்ஙனமாகவும், நூறு செய்திகளை ஒருங்கே ஏற்று, ஒன்றனோடொன்று கலவாமல் மனத்தே தாங்கி, அவற்றிற்கெல்லாம் முறை பிறழாது விடை பகர்ந்து, அவையோர் வியப்ப நின்ற பெரியார் ஒருவர் நாஞ்சில் நாட்டிற் றோன்றித் தமிழுக்கு அணிசெய்தனர். அவரே சதாவதானம் செய்குத்தம்பிப் பாவலர் என்பார். அன்னார் வரலாற்றையும், அவர்பால் விளங்கிய அவதானம் என்னும் ஆற்றலின் இயல்பையும், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் மக்களும் அறிந்து பயன்கொள்ளுமாறு இத்திங்கள் சுருங்க எழுதப் புகுந்தாம்.

நம் ஊரினரும் அல்லர், நம் குலத்தினரும் அல்லராகிய ஒருவர் சரித்திரம் நம் சங்க வெளியீட்டுக்கு எற்றுக்கு என்று வினவுவார் சிலர் உளராகலாம். அவர்க்கு யாம் கூறும் விடை இரண்டு. கல்வி என்பது ஒரு குலத்தார்க்கோ ஓர் ஊரார்க்கோ தனியே உரித்தாய செல்வமன்று. வேண்டியார் வேண்டியாங்கு முகந்துகொள்ளும் ஊருணி நீர் போல்வது என்பது முதல் விடை. இரண்டாவது, நம் கோவிற்பட்டிக்கு அணித்தாயுள்ள எட்டயபுரத்தின்கண் 17ஆம் நூற்றாண்டில் அரண்மனைப் புலவராய் விளங்கிச் சீறாப்புராணம் பாடியவர் உமறுப்புலவர். அவர் அடங்கிய இடமும் அவ்வூரே. கரிசற் சீமைப் புலவர் இயற்றிய அப்பெருநூல் பிழையற அச்சேறுதற்குக் கண் வருந்த உழைத்தவருள் பாவலர் ஒருவர். ஆதலின் நம் மண் அவர்க்குக் கடமைப்பட்டதேயாம்.

செய்குத்தம்பியார் 1874ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், நாகர்கோவிலைச் சார்ந்த கோட்டாற்றின் பக்கத்ததாகிய இடலாக்குடியிற் பிறந்தனர். தந்தையார் பக்கீர் மீரான் என்பவர். தாயார் அமீனா அம்மையார். அவ்வாண்டின் தொடக்கத்தில், ஜனவரித் திங்கள் 30ஆம் நாளில், இராமலிங்க அடிகள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத் திருமாளிகையுட் புகுந்து மறைந்தனர். அடிகள் மறைந்த அதே ஆண்டிற் பிறந்த இக்குழந்தை, பின்னாளில் அடிகளின் பாடல்களுக்கு அரணாய் நிற்கும் என்பதை அன்று யாவர் அறிந்தார்!

அக்காலத்து நாகர்கோவிலும் அதனைச் சூழ்ந்த நாடும் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளிலேயே அப்பகுதி கன்னியாகுமரி மாவட்டமாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. ஆகவே இளஞ் செய்குத்தம்பியார் பள்ளியிற் பயின்றது மலையாளம். வீட்டிற் பேசும் மொழி தமிழாகவும், பள்ளியிற் கற்கும் மொழி வேறாகவும் இருந்த நிலையில், தாய்மொழியின் இலக்கண இலக்கியங்களைக் கற்க அவர் பள்ளிக்கு வெளியே ஆசிரியரைத் தேட வேண்டியவரானார். கோட்டாற்றில் வாழ்ந்த சங்கரநாராயண அண்ணாவி என்னும் தமிழறிஞர் அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தனர். ஆசிரியர் சைவ மரபினர், மாணவர் இசுலாமியர். சமயத்தாற் பிரிந்த இருவரையும் தமிழ் ஒன்றாக்கிற்று.

அந்நாளைத் தமிழ்க் கல்வியின் முறையை இன்றை இளைஞர் அறியார். அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த காலம் அது. ஆசிரியர் வாய்மொழியாகப் பாடஞ் சொல்ல, மாணாக்கர் அதனைக் கேட்டுச் சிந்தையில் வைத்து, மறுநாள் பிழையின்றி ஒப்புவித்தல் வேண்டும். நிகண்டு முழுவதும் நாவில் நிற்றல் வேண்டும். எண்சுவடியில் மேல்வாயிலக்கமும் கீழ்வாயிலக்கமும் தடையின்றி வருதல் வேண்டும். அந்தாதியாற் செய்யுள் தொடுத்தல், ஈற்றடி கொடுத்தவுடன் ஏனை அடிகளை நிரப்புதல் முதலியன விளையாட்டுப் போலவே பழகப்பட்டன. இவ்வாறு பயின்றார்க்கு எதுகையும் மோனையும் அணியாக மட்டுமன்றி, நினைவை நிறுத்தும் கொளுவிகளாகவும் பயன்பட்டன. இம்முறையில் முதிர்ந்தவர் செய்குத்தம்பியார். இளமையிலேயே விரைந்து கவிபாடும் வன்மை எய்தியமையால் பாவலர் என்னும் பெயர் அவர்க்கு நிலைத்தது.

நிற்க. புலமை வளர்ந்ததேனும் பொருள் வேண்டுமன்றோ? பாவலர் சென்னைக்குச் சென்று அச்சுக்கூடத்திற் பிழை திருத்தும் பணியில் அமர்ந்தனர். சீறாப்புராணத்தைத் திருந்திய முறையிற் பதிப்பிக்கும் வேலை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அந்நூலுக்கு அவர் உரையும் வரைந்தனர்.

பிழை திருத்துதலை எளிய தொழில் என்று எண்ணுவார் அதனைச் செய்து பாராதவர். கற்றவன் கண் எழுத்தெழுத்தாய்ப் படிப்பதன்று. தான் எதிர்பார்க்குஞ் சொல்லையே தாளின்மேற் காண்பது. பொருள் நன்கு தெரிந்தவனே பிழையை எளிதில் தாண்டிச் செல்வான். ஆகவே பிழை திருத்துவோன் செய்யுளின் பொருளை ஒரு மனத்தாலும், எழுத்தின் வடிவை ஒரு மனத்தாலும், சீரும் தளையும் சிதையாமையை ஒரு மனத்தாலும் நோக்குதல் வேண்டும். மூன்றும் ஒருங்கு நிகழவேண்டிய அவ்வச்சுக்கூடத்து மேசையைப் பாவலர்க்கு அமைந்த அவதானப் பள்ளி என யாம் கருதுகின்றேம்.

பாவலர் சென்னையில் வாழ்ந்த காலத்தில், அருட்பா மருட்பா என்னும் வாதம் தமிழுலகைக் கலக்கிக்கொண்டிருந்தது. இராமலிங்க அடிகள் பாடல்களை அருட்பா எனல் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1860களின் இறுதியில் எழுப்பிய மறுப்பு, இருவரும் மறைந்த பின்னரும் அவியாது எரிந்தது. நாவலர் மரபினராகிய நா. கதிரைவேற் பிள்ளையவர்கள் மறுப்புக் கட்சிக்குத் தலைவராய் நின்றனர். அவர் சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தவர்; திரு. வி. கலியாணசுந்தரனார்க்கு ஆசானாயவர், அவரும் சதாவதானி எனப் பெயர்பெற்றவர். அத்தகைய பெரும் புலவரை எதிர்த்து, அடிகள் பாடல் அருட்பாவே என நாட்டி மேடைதோறும் பேசியவருட் பாவலர் முன்னணியில் நின்றனர். சைவ நூல்களினின்றே சான்றுகளை அடுக்கி, எழுந்த தடைகளுக்கெல்லாம் நின்ற நிலையிலேயே விடையிறுத்த அவர் வன்மையைக் கண்டு மகிழ்ந்த மக்கள், காஞ்சிபுரத்தில் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலஞ் செய்தனர் என்பர்.

ஒரு சைவத் துறவியின் பாடலுக்கு ஓர் இசுலாமியப் புலவர் வழக்காடினார் என்பதை வியப்பென்பார் பலர். ஆனால் பாட்டின் உண்மை நலத்தைக் காண்பார்க்கு அதனைப் பாடினவர் சமயம் திரையாகாது. எதிர்க்கட்சியின் கதிரைவேற் பிள்ளையவர்களும் புலமையிற் சிறியரல்லர். இருவரும் கருத்தில் மாறுபட்டனராயினும் இருவர் கல்வியும் தமிழுக்கே ஆக்கமாயிற்று. பிள்ளையவர்கள் 1907ஆம் ஆண்டில் இளமையிலேயே காலஞ்சென்றனர்.

இனி அவதானம் இன்னதென்று கூறுவாம். அவதானம் என்பதற்குக் கவனம் என்பது பொருள். இக்காலத்தார் இதனைக் கவனகம் என்றும் வழங்குவர். எட்டுச் செய்திகளில் ஒருங்கே கருத்தூன்றல் அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம். தமிழ்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் இக்கலை நெடுங்காலமாய்ப் போற்றப்பட்டு வந்தது. அவையின் நடுவே அவதானி அமர்வர். அவரைச் சூழ வினவுவோர் அமர்வர். ஒருவர் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுப்பர். ஒருவர் ஒரு சொற்றொடரின் எழுத்துக்களை வரிசை மாற்றி, ஏழாம் எழுத்து இது, மூன்றாம் எழுத்து இது என்றிவ்வாறு இடையிடையே கூறுவர். ஒருவர் பெருக்கற் கணக்குக் கொடுப்பர். ஒருவர் ஓர் ஆண்டும் திங்களும் நாளும் சொல்லிக் கிழமை கேட்பர். ஒருவர் சதுரங்கம் ஆடுவர். ஒருவர் புராணத்தினும் இலக்கணத்தினும் ஐயம் எழுப்புவர். பின்னின்று ஒருவர் முதுகிற் சிறு கற்களை எறிந்துகொண்டே இருப்பர். ஒருவர் நினைத்தபோதெல்லாம் மணியடிப்பர். இடையே ஒருவர் வேண்டுமென்றே வம்புரை பேசிக் கருத்தைக் கலைக்க முயல்வர். எல்லாம் முடிந்தபின், கற்கள் இத்துணை, மணியோசை இத்துணை எனத் தொகை கூறி, செய்யுள்களை முற்ற ஒப்புவித்து, சிதறிய எழுத்துக்களைச் சொற்றொடராகக் கோத்துக் காட்டுதல் வேண்டும். ஒன்றில் வழுவினும் அவையோர் நகைப்பர்.

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் அறிஞர் பலர் கூடிய பேரவையில் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினர். அப்போது அவர்க்கு வயது முப்பத்திரண்டு. நூறு துறையினும் வழுவாது வென்று, சதாவதானி என்னும் பட்டத்தை அவ்வவையினரிடம் பெற்றனர்.

பாவலர் அவதான அவையைப்பற்றி வழங்கும் செய்தி ஒன்றுண்டு. அவர் இசுலாமியர் என்பதை உட்கொண்டு, துருக்கன் ஒருவனுக்கு இராமன் துணையென்னும் பொருள்பட ஓர் ஈற்றடியைப் புலவரொருவர் கொடுத்தனராம். மறுப்பின் தோல்வி, உடன்படின் இடர்ப்பாடு, அத்தகைய பொறி அது. பாவலரோ சிறிதும் தயங்காது, இராமனுடைய இளவலாகிய சத்துருக்கன் பெயரின் பிற்பகுதியே அவ்வீற்றடியின் முதலில் நிற்குமாறு முன்னடியை அமைத்து, தம்பியர்க்கு அண்ணன் துணை என்று பொருள் கொளச் செய்தனராம். புண்படுத்த வந்த சொல்லைப் பூவாக்கித் திருப்பித் தந்த இப்பெருந்தகைமை, நூறு வினாவிற்கு விடை பகர்ந்ததினும் மேலானதென்பது எம் கருத்து.

இத்துணை ஆற்றல் ஒருவர்க்கு எங்ஙனம் வந்தது? தெய்வ வரம் என்று கூறி அமைவார் உளர். வரமாயினும் அது செயற்படும் வழி ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ? அவ்வழியை ஆராய்ந்த மேனாட்டறிஞர் கண்ட உண்மைகள் சிலவற்றை ஈண்டுத் தருவாம். அவை பாவலரை வைத்து நிகழ்ந்த ஆராய்ச்சிகள் அல்ல. எனினும் அவர் கலையின்மேல் ஒளி வீசுவன.

பாவலர் சதாவதானம் செய்தற்கு முந்திய ஆண்டாகிய 1906இல், இங்கிலாந்து நாட்டுச் சார்லசு ஷெரிங்டன் என்னும் உடலியலறிஞர் நரம்பு மண்டலத்தைக் குறித்துப் பெருநூலொன்று வெளியிட்டனர். கனலிற் பட்ட கையை நாம் நினையாமுன்னரே பின்வாங்குகின்றோம். கண்முன் தூசு வரின் இமை தானே மூடுகின்றது. இவற்றை அனிச்சைச் செயல் என்பர். கை பின்வாங்குதற்குரிய ஆணை மூளையளவும் செல்லாது தண்டுவடத்தினின்றே பிறக்கின்றது. சுட்டதென்ற உணர்வு அதன் பின்னரே மூளைக்கு எட்டுகின்றது. இத்தகைய செயல்கள் பல ஒரே தசையை ஏவப் போட்டியிடுமாயின் என்னாகும் என்று ஷெரிங்டன் ஆராய்ந்தனர். வழிகள் பலவாயினும் தசையை அடையும் இறுதி வழி ஒன்றே. ஆதலின் ஒன்று செல்லும்போது அதற்கு மாறானவை அடக்கப்படும் என்று கண்டனர். அடக்குதலும் ஏவுதலைப் போலவே நரம்பின் தொழில் என்பது அவர் நிறுவிய பேருண்மை. 1932ஆம் ஆண்டில் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அவதானியின் நிலையும் இதனையே ஒக்கும். வினவுவார் நூற்றுவர், நாவோ ஒன்று. ஒருவர்க்கு விடை கூறும்போது ஏனைத் தொண்ணூற்றொன்பதையும் அழியவிடாது அடக்கிவைத்தல் வேண்டும். ஆகவே அவதானம் நூற்றையும் ஒரே கணத்தில் எண்ணுதலன்று. ஒன்றினின்று மற்றொன்றிற்கு வழுவின்றி விரைந்து சென்று, விட்ட இடத்தைத் தவறாது வந்து பற்றுதலேயாம்.

இரண்டாவது துணை பழக்கம். 1897ஆம் ஆண்டிலும் 1899ஆம் ஆண்டிலும் பிரையன், ஹார்ட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தந்தி அலுவலரை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினர். புதிதாய்ப் பயில்வோன் ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் தேடிப் பிடிக்கின்றான். சிலநாட் கழித்துச் சொல்லை ஒன்றாய்க் கேட்கின்றான். ஆண்டுகள் சென்றபின் சொற்றொடரையே ஒன்றாய்க் கேட்கின்றான். எழுத்து தானே ஓடும் பழக்கமானமையின் அவன் கவனம் மேலேறி விடுகின்றது. இதற்குத் தந்தியளவும் போகவேண்டுவதில்லை. நம் கோவிற்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளிற் கட்டையடுக்கும் பெண்டிரைப் பாருங்கள். விரல் குச்சியை அடுக்கிக்கொண்டே இருக்கும், வாய் குடும்பக் கதை பேசிக்கொண்டே இருக்கும், இரண்டும் பிழைபடுவதில்லை. முதல்நாள் வந்த பெண்ணோ பேசினால் அடுக்கமாட்டாள், அடுக்கினாற் பேசமாட்டாள். பாவலர்க்கு வெண்பாவின் தளை அவ்விரற் பழக்கம் போன்றது. தளையைத் தேட அவர் கவனம் செலவழியவில்லை. ஆதலின் அது வேறு பணிக்கு மிஞ்சி நின்றது.

மூன்றாவது துணை கோவை. சாதாரண மனிதர் ஒருமுறை கேட்ட அளவிற் சற்றொப்ப ஏழு பொருள்களையே மனத்தில் நிறுத்த வல்லர் என்று ஜார்ஜ் மில்லர் என்பார் 1956ஆம் ஆண்டில் எழுதினர். ஆனால் ஏழு எழுத்தும் ஏழு. ஏழு சொல்லும் ஏழு. ஏழு செய்யுளும் ஏழே. உதிரியைக் கோவையாகக் கட்டுவார்க்கு அவ்வேழு பெருகும். அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் தொடக்கத்தில் ஏழு எண்களையே ஒப்புவிக்க வல்லராயிருந்து, ஏறக்குறைய 230 மணி நேரப் பயிற்சியின் பின் 79 எண்களை ஒப்புவித்தனர் என்று 1980ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரங்களாகக் கட்டி நினைவில் வைத்தனர். வியப்பு யாதெனின், எண்ணை விடுத்து எழுத்துக்களைக் கொடுத்தபோது அவர் ஆற்றல் மீண்டும் ஆறேழுக்கே இறங்கிற்று. இதனால் பெறப்படுவது என்னை? அவரது மூளை வேறொரு மூளையாய் மாறவில்லை. பயின்ற துறையில் மட்டும் கட்டும் வகையைக் கற்றுக்கொண்டது. நம் முன்னோர் நிகண்டும் அந்தாதியும் பயிற்றியதன் நுட்பமும் இதுவே.

மீண்டும் பாவலர் சரித்திரத்திற்கு வருவாம். பட்டம் பெற்றபின் அவர் அதனை வைத்துப் பொருள் தேடித் திரிந்தாரல்லர். கோட்டாற்றுப் பிள்ளைத்தமிழ், ஷம்சுத்தாசீன் கோவை, நாயக மான்மிய மஞ்சரி, கல்வத்து நாயகம் இன்னிசைப் பாமாலை முதலிய நூல்களை இயற்றினர். கோவையும் பிள்ளைத்தமிழும் தமிழ்ப் பிரபந்த மரபிற் பழையன. அவற்றை இசுலாமியச் சான்றோர்மேற் பாடி, மரபு ஒருவர்க்கே உரியதன்று என்பதைச் செயலிற் காட்டினர். நாட்டு விடுதலை இயக்கம் எழுந்தபோது காங்கிரசிற் சேர்ந்து கதராடை புனைந்து, மேடையேறி மக்களுக்கு விடுதலையுணர்வு ஊட்டினர். நூறு வினாக்களைத் தாங்கிய நா, நாட்டின் ஒரு வினாவிற்கும் தப்பாது விடை தந்தது.

நாடு விடுதலை பெற்றதைக் கண்ணாரக் கண்டபின், 1950ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள், தம் எழுபத்தைந்தாம் வயதிற் பாவலர் இறைவனடி சேர்ந்தனர். இடலாக்குடியில் அவர் பெயரால் அரசு மேனிலைப் பள்ளி விளங்குகின்றது. இந்திய அஞ்சல்துறை 2008ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சற்றலை வெளியிட்டுச் சிறப்பித்தது. தாய்மொழியைப் பள்ளியிற் பெறாத சிறுவர் ஒருவர் பெயரை இன்று ஒரு பள்ளியே தாங்கி நிற்றல் காலத்தின் நீதியன்றோ!

இனி, இச்சரித்திரத்தினின்று நம் இல்லங்கள் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றை வற்புறுத்தி முடிப்பாம். கவனத்தின் உச்சியைப் பாவலரிடம் கண்டோம். கவனம் அறுந்துபோம் நிலையும் ஒன்றுண்டு; அதனை அறியாமையால் நம் குழந்தைகள் துன்புறுகின்றனர்.

யாம் பணிபுரிந்த பள்ளியொன்றிற் சில ஆண்டுகளுக்கு முன் எட்டு வயதுச் சிறுமியொருத்தி பயின்றனள். பாடம் படிக்கும்போதே நடுவில் நின்றுவிடுவாள். கண் ஒன்றையும் நோக்காது விழித்திருக்கும். இமை சிறிது துடிக்கும். பத்து நொடிக்குள் மீண்டும் படிப்பாள். ஆனால் விட்ட வரியை அறியாள். கனவு காண்பவள் என்று ஆசிரியரொருவர் பிரம்பெடுத்தனர். மந்தமென்று நினைந்த தந்தையார் பள்ளியை விடுவித்து வீட்டிலிருத்த எண்ணினர். பகற்கனவு காணுங் குழந்தை பெயர் சொல்லித் தோள் தொட்ட அளவில் விழித்துக்கொள்ளும். இக்குழந்தையோ தொடினும் அசையவில்லை என்பதை ஆசிரியை ஒருவர் கூர்ந்து கண்டு, மருத்துவரிடம் அனுப்பினர். மருத்துவர் அவளை ஆழ்ந்து விரைந்து மூச்சுவிடச் செய்து பார்த்தனர். மூளை மின்னலைப் படமும் எடுத்தனர். அது வலிப்பின் ஒரு வகை என்று தெரிந்தது. கை கால் இழுத்தல் இல்லை, கீழே விழுதல் இல்லை; நினைவு மட்டும் சில நொடி அறுந்து மீளும். நாளொன்றுக்குப் பலமுறை நிகழும். மருந்து தொடங்கியபின் அவள் வகுப்பில் முழுமையாய் இருந்தாள். பள்ளியும் நிற்கவில்லை.

மூளையின் மின்னலையை முதன்முதல் மனிதரிடம் பதிந்து 1929இல் வெளியிட்டவர் ஹான்ஸ் பெர்கர் என்னும் செருமானியர். 1935ஆம் ஆண்டில், இத்தகைய குழந்தைகளின் அலைப்படத்தில் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனை அலைகள் தோன்றுதலை அமெரிக்க அறிஞர் கண்டறிந்தனர். பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயதிற்குள் தொடங்கும் இந்நோய் மருந்தாற் பெரும்பாலார்க்கு அடங்கும். வளர வளர நீங்குவாரும் பலர். ஆகவே இதனைப் பேயென்றும் பிடிவாதமென்றும் கொள்ளற்க. பிரம்பால் தீரும் நோயன்று இது.

கை கால் இழுக்கும் வலிப்பு வந்துழியும் நம் ஊர்களிற் சாவிக்கொத்தையும் இரும்பையும் கையிற் றிணிப்பர். வாயிற் கரண்டியை நுழைப்பர். இவற்றாற் பயனில்லை, பல்லுடைதலும் மூச்சடைத்தலும் நேரலாம். ஒருக்களித்துக் கிடத்தி, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, நேரத்தைக் குறித்திருத்தலே செயற்பாலது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிப்பின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நம் கோவிற்பட்டி அரசு மருத்துவமனையிற் காட்டி, வேண்டுமாயின் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். மருந்தை மருத்துவர் சொல்லாது நிறுத்துதல் பெருந்தீங்கு. வலிப்புடைமையைத் திருமணத்திற்குத் தடையாக வைத்திருந்த சட்டப் பகுதியும் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. சட்டம் விட்ட இழிவை நம் வீடுகள் விடாதிருத்தல் முறையாகுமா? பெண் பார்க்கும் இடத்தில் மறைப்பதற்காக மருந்தை நிறுத்தும் பெற்றோர் தம் மகளின் உயிரோடு விளையாடுகின்றனர் என்பதை ஒளியாது கூறுகின்றேம்.

பாவலர் பிறந்தபோதே நூறு கவனத்தோடு பிறந்தாரல்லர். கற்பிக்க ஓர் ஆசிரியர் கிடைத்தார். பழக நேரம் கிடைத்தது. உடலும் மூளையும் நோயின்றி இருந்தன. இம்மூன்றும் நம் குழந்தைகட்கும் கிடைத்தல் வேண்டும். கவனம் பயிற்சியால் வளரும், நோயாற் குன்றும். பயிற்சி வேண்டுங் குழந்தைக்குப் பயிற்சியும், மருந்து வேண்டுங் குழந்தைக்கு மருந்தும் தருதலே பெரியோர் கடன். ஒன்றற்கு மற்றொன்றைத் தருதல் கரிசல் நிலத்தில் நாற்று நடுதல் போலாம்.

இவ்வாண்டு நம் சங்க ஆண்டு விழாவில், பேச்சுப் போட்டியோடு சிறுவர்க்கு எளிய எண்கவனகப் போட்டி ஒன்றும் வைக்குமாறு நிருவாகிகளை வேண்டுகின்றேம். ஈற்றடி நிரப்புதல், மணி எண்ணுதல், எழுத்துக் கோத்தல், பெருக்கற் கணக்கு என்றிவ்வாறு எட்டே துறை போதும். கல்வி நிதியைப்போல மருத்துவ நிதியும் சிறிது ஒதுக்கி, வலிப்புடைய குழந்தையின் பெற்றோர்க்குப் பயணச் செலவேனும் உதவுதல் நன்று. இடலாக்குடிச் சிறுவர் ஒருவர்க்குக் கோட்டாற்று அண்ணாவி செய்த உதவி, குலமும் சமயமும் பாராது செய்தது. நம் குழந்தைகட்கு நாம் செய்வது அதனினும் அரிதோ? அன்பர்கள் ஆய்ந்து ஆவன செய்வாராக. பாவலர் புகழ் நீடு வாழ்க! கல்வி கரிசற் சீமையெங்கும் ஓங்குக!